காணி: செங்கல்பட்டுச் சீமையின் நிலக்கதை — 11. பதினேழு கேள்விகள்

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கும்பினிக்குக் கொடுத்த ஜாகீர்தான் பிற்காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா ஆயிற்று. 1780இல் ஹைதர் அலியின் படை கடந்துபோன பிறகு அந்தச் சீமை கிடந்த கிடப்பைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். உடைந்த ஏரிக்கரைகள், ஆளில்லாத ஊர்கள், உழாமல் காடேறிய கழனிகள்.

1794இல் லயனல் பிளேஸ் கலெக்டராக வந்தார். ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையோடு ஒட்டிக்கொண்ட அவர் பெயர் அந்தக் கோயிலில் இன்றும் கல்லெழுத்தாக இருக்கிறது. அதே பிளேஸ்தான், பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் தாம் கேட்ட தொகைக்கு இணங்காதபோது அவர்களுடைய மிராசைப் பறித்து வேறு ஆட்களிடம் ஒப்படைத்தார்.

1798இல் அவர் போனார். 1802இல் சீமையை மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் சில ஆண்டுகளிலேயே விழுந்தார்கள். நிலம் மீண்டும் கும்பினியின் கைக்கே வந்து சேர்ந்தது.

இனி யாரிடம் வரி கேட்பது? ஊரிலே நிலத்துக்கு உடையவர் என்று யாரைக் கூப்பிடுவது?

★

சென்னைக் கோட்டைக்குள் அப்போது இரண்டு கட்சி.

தாமஸ் மன்றோவின் கட்சி சொன்னது: உழுகிறவன் ஒவ்வொருவனோடும் சர்க்கார் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். இதுதான் ரயத்வாரி.

ரெவின்யூ போர்டில் இருந்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். தனித்தனியாகக் கணக்கு வைப்பது ஆகிற காரியமல்ல. ஊர் முழுவதையும் ஒரே குத்தகையாக ஊராரிடமே விட்டுவிடுவோம். அவர்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும், மொத்தமாகக் கட்டட்டும்.

கேட்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் 'ஊரார்' என்றால் யார்? ஊரில் குடியிருப்பவர் எல்லாருமா? ஏர் பிடிப்பவர் எல்லாருமா? செங்கல்பட்டுச் சீமையில் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. மிராசு உள்ளவர்களே ஊரார். மற்றவர்கள் அவர்களை அண்டிப் பிழைப்பவர்கள்.

ஆகவே அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தாக வேண்டும். வரித் திட்டம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கப் போகிறது. அரசாங்கம் பதினேழு கேள்விகளை எழுதி, சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸிடம் பதில் கேட்டது.

தமிழ் வாசகருக்கு எல்லிஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எல்லீசன் என்று தன்னை எழுதிக்கொண்டவர், குறளுக்கு உரை எழுதத் தொடங்கியவர், இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டுக்காரர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1816இல், எழுதிக் காட்டியவர். அதே 1816இல்தான் இந்தப் பதினேழு கேள்விகளுக்கும் பதில் எழுதினார். 1818இல் அது அச்சாயிற்று.

மொழி ஆய்வாளராக அவரைக் கொண்டாடுகிற நாம் இந்த இரண்டாவது எழுத்தை அநேகமாக மறந்துவிட்டோம். என் கணிப்பில், செங்கல்பட்டுக் கிராமத்தில் உழுது பிழைத்த ஒருவரின் வாழ்க்கையைத் தொட்டது இந்த இரண்டாவதுதான்.

★

மிராசு என்பது நவாபின் கச்சேரியோடு வந்த சொல். அரபியில் அதற்கு மரபுவழி வந்த சொத்து என்று பொருள். 'வாரிசு' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றே. பாரசீகத்தின் 'தார்' ஒட்டிக்கொண்டால் அதை உடையவர்: ஜமீன்தார், தாசில்தார், மிராசுதார்.

சொல்தான் புதிது. பொருள் பழையது. நவாபுக்கு முன்பே ஊரார் அதைக் காணி என்றும் காணியாட்சி என்றும் சொன்னார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆமூர்க் கோட்டத்தைச் சேர்ந்த அந்த நகரத்தார் தங்கள் நிலத்தை நான்கு கூறாகப் பிரித்துக்கொள்ள உடன்பட்ட செய்தி அதில் உள்ளது. நிலம் ஊராரின் பொதுவாக இருந்து, கூடிப் பேசிப் பங்கிடப்படும் வழக்கம் இந்தக் கடற்கரையில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

பங்கு என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மிராசுதாருக்கு இன்ன வரப்பு முதல் இன்ன வரப்பு வரை என்று நிலம் இருந்தாக வேண்டுமென்பதில்லை. ஊரில் இத்தனை பங்கு, அதில் அவருக்கு இத்தனை. பசுங்கரை ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு நடக்கும். நல்ல நிலமும் மேட்டு நிலமும் கைமாறும். அறுதிக்கரை ஊர்களில் ஒரே தடவை பிரித்துக்கொண்டு அதோடு நின்றுவிடுவார்கள். இரண்டிலும் பங்குதான் சொத்து. அதை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம்.

பங்கு இல்லாமல் பயிர் செய்பவர் பாயக்காரி. ஊரிலேயே குடியிருந்தால் உள்குடிப் பாயக்காரி, அடுத்த ஊரிலிருந்து வந்து உழுதால் பரகுடிப் பாயக்காரி. அரசின் மேல்வாரம் போக மிஞ்சும் குடிவாரத்திலிருந்து இவர் மிராசுதாருக்குத் துண்டுவாரம் கொடுக்க வேண்டும். மிராசுதார் ஏரைத் தொட்டிருக்க மாட்டார். ஆனாலும் அது அவருக்குச் சேர வேண்டியது.

களத்தில் நெல் அளக்கும்போது மிராசுதாருக்குத் தனியாக எடுத்துவைக்கும் பங்குக்கு அன்றைய வருவாய்க் கணக்கில் சுதந்திரம் என்று பெயர். நூறு ஆண்டு கழித்து அதே சொல்லை வேறொரு பொருளில் இதே ஊர்களில் முழங்கப் போகிறார்கள்.

★

இந்த இடத்தில் கொஞ்சம் வெகுதூரம் போய் வரலாம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாகப் போனால் சதுரங்கப்பட்டினம். துணி வாங்க வந்த டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், அதற்குள்ளே செதுக்கு வேலை நிறைந்த அவர்களுடைய கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. அவர்கள் நாட்டில் பிரபுக் குடும்பத்தவரைக் குறிக்க யோங்க்ஹேர் என்றொரு பட்டம் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டியிருக்கும் யாங்கர்ஸ் நகரத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லின் ஜெர்மானியச் சகோதரம் யுங்கர்.

இளைய பிரபு என்று அதற்கு அர்த்தம். பழைய ஜெர்மனில் 'யுங்க்' என்றால் இளமை, 'ஹெர்' என்றால் தலைவன். இரண்டும் தேய்ந்து ஒன்றானது. சின்ன துரை, சின்னப் பண்ணை என்று நம் ஊரில் சொல்வதற்கு நெருக்கமான சொல். தொடக்கத்தில் அதற்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. பிரபு வீட்டில் பிறந்து இன்னும் பட்டம் பெறாத இளைஞனை அப்படி அழைத்தார்கள். 1521இல் பேரரசரின் தண்டனைக்குத் தப்பி வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த மார்ட்டின் லூதர் தாடி வளர்த்துக்கொண்டு வைத்துக்கொண்ட மாற்றுப் பெயர் யுங்கர் யோர்க்.

பிறகு அந்தச் சொல் நிலத்தில் ஊன்றியது. எல்பா ஆற்றுக்குக் கிழக்கே, வெண்டுகள் என்று ஜெர்மானியர் அழைத்த ஸ்லாவிய மக்களின் நாட்டில், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியர் குடியேறினார்கள். அங்கே நிலம் பெற்ற குடும்பங்கள்தான் பிராண்டன்பர்க், பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா என்று பரந்து யுங்கர் என்ற ஒரு வர்க்கமாயின. ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க் அந்த வர்க்கத்தில் பிறந்தவர்.

1653இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம் நிலையான சேனை வைத்துக்கொள்ளப் பணம் கேட்டார். யுங்கர்கள் இசைந்தார்கள். பதிலுக்குத் தங்கள் பண்ணைக் குடியானவர் மேல் தங்களுக்கிருந்த பிடியை எழுத்தில் உறுதிசெய்து வாங்கிக்கொண்டார்கள். இதற்குப் பிறகு பண்ணைக்குள் வழக்கு விசாரிப்பதும் ஒழுங்கு காப்பதும் யுங்கரின் கையிலேயே இருந்தன. ஊர்க்காவல் அதிகாரம் அவர்களை விட்டுப் போனது 1872இல்தான்.

யுங்கரும் மிராசுதாரும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. யுங்கர் தன் பண்ணையைத் தானே நடத்தியவர், மகனைப் படைக்கு அதிகாரியாக அனுப்பியவர், தலைமுறைகளாக அரசனோடு பேரம் பேசியவர். நம்முடைய மிராசுதாரில் பலருக்கு இருந்தது ஓர் ஊரில் ஒரு பங்கு, சில சமயம் பங்கில் அரைக்கால். ஆனால் இரண்டு கதைகளும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த இடம்தான் நமக்கு வேண்டும்.

★

எல்லிஸ் கேட்டபோது தொண்டைமண்டலத்து வேளாளர்கள் தங்கள் காணிக்கு ஆதாரமாக ஒரு கதை சொன்னார்கள்.

இந்த நாடு முழுவதும் காடாக இருந்தது. குறும்பர்கள் ஆண்டார்கள். புழல் அவர்களுடைய கோட்டை. சோழ மன்னனின் மகன் ஆதொண்டச் சக்கரவர்த்தி படையெடுத்து வந்து அவர்களை வென்றான். சோழநாட்டிலிருந்து வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். அவர்கள் காடு வெட்டிக் கழனி திருத்தினார்கள். நாடு 24 கோட்டமாகவும் 79 நாடாகவும் பிரிந்தது. அன்று அவர்கள் பெற்றதே இந்தக் காணி.

திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போனால் அங்கிருக்கும் எருக்கந்தூண்களைக் காட்டி, குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்று இன்றும் சொல்வார்கள்.

எல்பாவுக்குக் கிழக்கே வெண்டுகள், பாலாற்றுக்கு வடக்கே குறும்பர்கள். இரண்டிடத்திலும் நில உரிமையின் முதல் அத்தியாயம் 'எங்களுக்கு முன்னே இருந்தவர்களை வென்று, காட்டை அழித்து நாடாக்கினோம்' என்றே தொடங்குகிறது. யுங்கர்களின் பெயர்களில் பல ஸ்லாவிய ஊர்ப்பெயர்கள். பியூலோ என்பது அப்படிப்பட்டது. தோற்றவர்களின் மொழி வென்றவர்களின் குடும்பப் பெயருக்குள் தங்கிவிட்டது.

ஆதொண்டன் கதையை எல்லிஸ் அக்கறையோடு எடுத்துக்கொண்டார். மன்றோ நம்பவில்லை. ஆளுநராக இருந்தபோது 1824 டிசம்பர் இறுதியில் எழுதிய நீண்ட குறிப்பில் அதைச் சான்றில்லாத பழங்கதையாகவே ஒதுக்கினார். வரலாறு என்ற அளவில் மன்றோ பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 1816இல் அந்தக் கதை ஒரு பத்திரத்தின் வேலையைச் செய்தது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் கச்சேரியில் உடையவர்களாக நின்றார்கள்.

★

எல்லிஸ் தனியாக எழுதவில்லை. அவருடைய கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த பி. சங்கரையா இந்தப் பதில்களுக்கு முதுகெலும்பு. கோட்டைக் கல்லூரியிலும் பணியாற்றிய அந்த அறிஞரின் பெயரை எல்லிஸின் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பங்கு, கரை, வாரம், மானியம் என்று ஊர் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கத் தெரிந்த மனிதர் பக்கத்தில் இல்லாமல் வெள்ளைக்கார கலெக்டர் எவரும் இதை எழுதியிருக்க முடியாது.

இருவரும் ஊகத்தில் நிற்கவில்லை. கல்வெட்டு, செப்பேடு, கைமாறிய விற்பனைச் சீட்டு என்று எழுத்தாகக் கிடைத்தவற்றைத் திரட்டினார்கள். நில வரலாற்றுக்குக் கல்வெட்டைச் சான்றாக வைத்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. அந்த உழைப்புக்கு முன்னால் தலைவணங்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்து விற்பனைச் சீட்டுகளில் ஒரு வாய்பாடு வரும். அஷ்டபோகம் என்பார்கள். விற்பவர் நிலத்தை மட்டும் விற்பதில்லை. நிதி, நிட்சேபம், சலம், பாஷாணம் என்று தொடங்கி, மண்ணுக்குள் புதைந்த செல்வம், தண்ணீர், கல், இப்போது விளைவது, இனிமேல் விளையப்போவது அனைத்தையும் எழுதிக் கொடுப்பார். மிராசு என்பது இத்தனையும் அடங்கிய முழுமை. வரியில்லாத மானியம், களத்தில் மேரை, ஏரி மீன், நத்தத்தில் மனை, மனைக்குப் பின்னால் கொல்லை, தரிசு நிலத்தின் மேல் முதல் உரிமை.

பட்டியல் அங்கே முடியவில்லை.

ஆட்களும் அதில் இருந்தார்கள்.

★

தொண்டைமண்டலத்தில் வேளாள மிராசுதாரின் நிலத்தை உழுதவர்களில் பெரும்பகுதி பறையர்கள். பள்ளிகளும் உண்டு. படியாள், பண்ணையாள், அடிமை என்று பல பெயர்கள். படி அளந்து நெல் கொடுத்து வைத்திருக்கும் ஆள் படியாள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காணியோடு சேர்ந்தவர். நிலம் கைமாறினால் அவரும் அதோடு கைமாறுவார் என்பதை எல்லிஸின் பதில் மிராசின் இயல்புகளில் ஒன்றாகவே விவரிக்கிறது.

இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. எல்லிஸ் கொடுமைக்காரர் அல்லர். தமிழை நேசித்தவர், மனிதர்களைக் கவனித்தவர். இருந்தும் அவருடைய கணக்கில் படியாள் வருவது உரிமை உடையவராக அல்ல, வேறொருவரின் உரிமைக்குள் அடங்கியவராக.

கேள்விகளே அப்படி அமைந்தன. பதினேழும் மிராசு என்ற உரிமையைச் சுற்றியவை. அது யாருக்கு, எங்கிருந்து வந்தது, சர்க்காருக்கும் அவர்களுக்கும் எல்லை எது? பதில் சொன்னவர்கள் கலெக்டரும் சிரஸ்தாரும், அவர்களிடம் ஓலையும் சீட்டும் கொண்டுவந்து காட்டிய மிராசுதார்களும். சேரியில் போய் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் இருந்திருக்கும்.

இந்த ஊர்களில் எல்லைத் தகராறு வந்தால் வெட்டியானை அழைப்பார்கள். பறையர் சமூகத்தைச் சேர்ந்த அந்த ஊர்ப் பணியாளர் தலையில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து எல்லை நெடுக நடப்பார். அவர் நடந்த கோடுதான் எல்லை. அதற்கு மேல் வாதம் கிடையாது. சத்தியப் பிரமாணத்துக்கு நிகராக மதிக்கப்பட்ட நடை அது. ஊரின் நான்கெல்லையும் அவர் காலுக்குத் தெரியும்.

மண்ணுக்கு மெய்யான உடையவர்கள் தாங்களே என்று பறையர் கருதினார்கள் என்பதையும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் பதிந்திருக்கின்றன. வேளாளர் விற்றுவிட்டுப் போகலாம், வாங்கியவரும் இழக்கலாம், வெட்டியானின் பாத்தியதை எந்த மாற்றத்திலும் அழியாது என்பது அவர்களிடையே வழங்கிய நம்பிக்கை. இதுவும் ஒரு நிலக்கோட்பாடுதான். ஆதொண்டன் கதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் அதற்கு விற்பனைச் சீட்டு இல்லை, ஓலை இல்லை. எல்லை நிச்சயிக்க அந்தச் சமூகத்தின் சொல் போதுமானதாக இருந்தது. உரிமை நிச்சயிக்க மட்டும் அது போதவில்லை.

★

அதே 1816. அதே கேள்வி. இடம் பிரஷ்யா.

நெப்போலியனிடம் தோற்ற அந்த அரசு 1807 அக்டோபரில் பண்ணை அடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தது. 1811இல் இன்னொரு ஆணை: குடியானவர் தாம் உழும் நிலத்தில் மூன்றில் ஒன்றையோ பாதியையோ யுங்கருக்கு விட்டுக்கொடுத்தால் மிச்சம் அவருக்கே சொந்தம். யுங்கர்கள் கொதித்தார்கள். 1816இல் சட்டம் சுருங்கியது. உழவுக்குச் சொந்தமாக மாடோ குதிரையோ பூட்டும் அளவுக்கு நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமே இந்த வாய்ப்பு. மற்றவர்களுக்கு இல்லை.

மற்றவர்கள் என்றால் ஏராளமானவர்கள். அவர்கள் பண்ணைக் கூலிகள் ஆனார்கள். கூலியில் ஒரு பங்கு தானியமாகவே கிடைத்தது. குடியிருந்த வீடு யுங்கருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டில் அது திரும்ப வரும்.

பல ஆண்டுகள் கழித்து, 1892இல், எல்பாவுக்குக் கிழக்கிலுள்ள பண்ணைத் தொழிலாளரின் நிலையைப் பற்றி மேக்ஸ் வெபர் என்ற இளம் அறிஞர் ஒரு பெரும் ஆய்வை வெளியிட்டார். அந்த ஆய்வுக்கான கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டது நில உடைமையாளர்களுக்கு. தொழிலாளரின் கூலி, உணவு, குடியிருப்பு எல்லாவற்றையும் பற்றி அவர்களுடைய எசமானர்களே எழுதி அனுப்பினார்கள். பிறகு வெபர் கிராமப் பாதிரிமார்கள் வழியாக இன்னொரு முறை கேட்க முனைந்தார். முதல் முறையின் குறை அவருக்கே தெரிந்திருந்தது.

எல்லிஸுக்கு அந்த இரண்டாவது முறை வாய்க்கவில்லை.

★

1819 மார்ச். பயணமாகத் தெற்கே போயிருந்த எல்லிஸ் இராமநாதபுரத்தில் தவறுதலாக விஷத்தை உட்கொண்டு இறந்தார். நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. நாற்பது வயதுக்கு முன் எதையும் வெளியிடுவதில்லை என்று வைத்திருந்த மனிதர். அவருடைய கையெழுத்துத் தாள்கள் மதுரையில் சமையலறை அடுப்பெரிக்கப் பயன்பட்டுத் தீர்ந்தன என்று பின்னாளில் சர் வால்டர் எலியட் எழுதிவைத்தார். எத்தனை குறள்களின் உரை அந்தத் தீயில் போயிற்றோ.

மிராசு பற்றிய நூல் அதற்கு முந்தைய ஆண்டே அச்சாகிவிட்டதால் தப்பித்தது.

1820இல் மன்றோ ஆளுநரானார். ரயத்வாரி வென்றது. ஊரோடு மொத்தமாகக் குத்தகை பேசும் திட்டம் கைவிடப்பட்டது. தருக்கப்படி பார்த்தால் மிராசும் அதோடு செத்திருக்க வேண்டும். உழுகிறவனோடு நேரடிக் கணக்கு என்றால் இடையில் பங்குதாரர் எதற்கு?

சாகவில்லை. செங்கல்பட்டில் மட்டும் சர்க்கார் அதைத் தொடத் தயங்கியது. மிராசுதார் ஒரு வழக்குப் போட்டால் காட்ட அவரிடம் எல்லிஸின் நூல் இருந்தது. தெலுங்கு அகராதி தந்த சார்லஸ் பிலிப் பிரௌன் 1852இல் அதை மன்றோ முதலியோரின் எழுத்துகளோடு சேர்த்து மறுபடி பதிப்பித்தார். 1862இல் அரசாங்கமே மிராசு பற்றிய ஆவணங்களைத் தொகுத்து அச்சிட்டது. முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் கலெக்டர்கள் மாறினார்கள், தாசில்தார்கள் மாறினார்கள், மேசையில் அந்தப் பதினேழு பதில்கள் மாறாமல் இருந்தன.

சமரசமாக ஒரு விதி நிலைத்தது. ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு எவரும் தர்காஸ்து போடலாம். ஆனால் முதல் உரிமை மிராசுதாருக்கு. வெளியாள் மனுப் போட்டதும் மிராசுதார் 'எனக்கு வேண்டும்' என்றால் அவருக்கே போகும்.

நடுவே அடிமை முறை சட்டத்தில் முடிந்தது. 1843இன் ஐந்தாவது சட்டத்துக்குப் பிறகு எந்தக் கோர்ட்டும் ஒருவரை இன்னொருவரின் அடிமை என்று ஏற்காது. 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமாயிற்று. காகிதத்தில் படியாள் விடுதலை ஆனார்.

விடுதலையான படியாள் எங்கே குடியிருந்தார்?

சேரியில். சேரி யாருடைய நிலத்தில் இருந்தது? ஊர் நத்தம் போலவே சேரி நத்தமும் தன் மிராசில் அடக்கம் என்றார் மிராசுதார்.

★

1891இல் செங்கல்பட்டில் பொறுப்புக் கலெக்டராக இருந்த ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர் இந்த முடிச்சைக் கையில் எடுத்தார். அதற்கு முன்பே ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற கிறித்தவப் பாதிரிமார்கள் இந்தச் சீமைச் சேரிகளின் நிலையைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார்கள். எல்லிஸின் கேள்விப்பட்டியலில் இல்லாத கேள்விகளை டிரெமென்ஹீர் கேட்டார். சேரியில் எத்தனை பேருக்கு நிலம் இருக்கிறது? தர்காஸ்து போட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? வீட்டு மனை யார் பெயரில்?

கேட்டதை அரசாங்கத்துக்கு நீண்ட குறிப்பாக எழுதி அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுகிற வழக்கின் முதல் காகிதம் அது.

சேரியைச் சேர்ந்த ஒருவர் ஏரிக்கரைக்கு மேலே தரிசாகக் கிடக்கும் இரண்டு ஏக்கருக்கு மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவர் சுதந்திர மனிதர். மனுவை வாங்க மாட்டேன் என்று தாசில்தார் சொல்ல முடியாது. ஆனால் மறுநாளே மிராசுதார் சேரிக்கு ஆள் அனுப்பி 'என் மனையைக் காலி செய்' என்கிறார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எல்லிஸின் பதில்கள் அவர் பக்கம் நிற்கின்றன.

அந்த மனுவோடு அவர் திரும்பிப் போனாரா? அவருடைய குடிசைக்கு அடியில் இருந்த மண் யாருடையது என்று முடிவு செய்யும் துணிவு 1892இல் சென்னைக் கோட்டைக்கு இருந்ததா?

(அடுத்த வாரம்)